அத்தியாயம் 5: துப்பாக்கிக்கு எந்தக் கட்டை?

தோளில் முட்டுவது, கன்னத்தில் படுவது, கையில் பிடிப்பது எல்லாம் துப்பாக்கியின் ஒரே பகுதிதான். தமிழில் அதற்குக் கட்டை என்று பெயர். மரத்தைத் தவிர வேறெதிலும் அதைச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில் வந்த பெயர். இன்று வான்கூவரிலோ கால்கரியிலோ ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால் கட்டை ஐந்தாறு பொருள்களில் நிற்கும்: அக்ரூட் மரம், வரிவரியாகச் சாயமேற்றிய ஒட்டுப்பலகை, கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடியிழை, கார்பன் இழை, அலுமினியம். குழலும் விசையும் தோட்டாவும் ஒன்றாகவே இருக்க, கட்டை மாறியதால் மட்டும் விலை எங்கோ போய்விடும். அந்தக் கூடுதல் பணம் எதற்கு, யாருக்கு அது வீண் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இங்கே வரும் காடும் மலையும் மானும் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடித்து, உரிமம் பெற்று, முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை வாங்கப்போகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கட்டையின் வேலை: மாறாமல் இருப்பது

ரைஃபிளின் உலோகப் பகுதி, கட்டையில் குடைந்த பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கீழிருந்து வரும் இரண்டு திருகுகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த உலோகத்தில் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதிக்கு ஆக்‌ஷன் என்று பெயர். ஆக்‌ஷனுக்கு அடியில், முன்பக்கமாக, ஒரு சிறு உலோகத் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். ரீகாயில் லக் என்பார்கள். சுடும்போது உலோகம் முழுவதும் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையை வாங்கிக் கட்டைக்கும், கட்டை வழியாக உங்கள் தோளுக்கும் கடத்துவது இந்தத் துண்டு. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் உலோகம் பழைய இடத்துக்கே திரும்பி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் அடுத்த தோட்டா முந்தைய தோட்டா போன இடத்துக்குப் போகும்.

இதில் எவ்வளவு நுட்பம் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. குழல் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே 100 மீட்டரில் தோட்டா ஏறத்தாழ 3 செ.மீ. விலகிப் படும், 300 மீட்டரில் 9 செ.மீ. குழலின் நீளம் 60 செ.மீ. என்றால், அவ்வளவு விலகலுக்கு அதன் முனை 0.2 மி.மீ. கூட நகரத் தேவையில்லை. குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை ஈரத்தில் உப்பி, குழலை ஒரு பக்கமாக நெருக்கினால் போதும். காட்டில் முதல் நாள் சரியாக இருந்த துப்பாக்கி நான்காம் நாள் பொய் சொல்லத் தொடங்கும்.

பழைய ரைஃபிள்கள் சிலவற்றில் முன்கட்டையின் நுனியில் ஒரு சிறு மேடு வைத்து, குழலை வேண்டுமென்றே மேல்நோக்கித் தாங்கச் செய்திருப்பார்கள். மெல்லிய குழலின் அதிர்வை அந்த அழுத்தம் அடக்கும். அழுத்தம் மாறாதவரை நல்ல ஏற்பாடு. கட்டை வளைந்தால் அழுத்தமும் மாறும், குறியும் மாறும். அதனால்தான் இன்று பெரும்பாலும் குழல் எங்கும் கட்டையைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் செய்கிறார்கள்.

ஆக, ஒரு கட்டைப் பொருளிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அழகோ எடையோ பற்றியது அல்ல. நான் போகும் ஊரின் மழையிலும் பனியிலும் நீ உருவம் மாறாமல் இருப்பாயா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

மரம்: அக்ரூட் ஏன் அரசனானது

துப்பாக்கிக் கட்டைக்கு நூற்றாண்டுகளாக அக்ரூட்தான் முதல் மரம். இரண்டு இனங்களைக் கடையில் அடிக்கடி கேள்விப்படுவீர்கள். ஒன்று ஐரோப்பா முதல் காஷ்மீர் வரை வளரும் இனம். வளரும் இடத்தைப் பொறுத்து ஆங்கில அக்ரூட், பிரெஞ்சு அக்ரூட், துருக்கி அக்ரூட் என்று பெயர் மாறும். காஷ்மீரத்துச் சிற்பிகள் பெட்டியும் மேசையும் செதுக்குவதும் இதே இனத்தில்தான். மற்றொன்று அமெரிக்கக் கறுப்பு அக்ரூட். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் மரக் கட்டைகள் பெரும்பாலும் இதில் செய்யப்பட்டவை.

பலமும் எடையும் நடுத்தரமாகச் சேர்ந்திருப்பது அக்ரூட்டின் முதல் சிறப்பு. காய்ந்த கறுப்பு அக்ரூட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 610 கிலோ. மேப்பிளும் பீச்சும் 700-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். உளிக்கு இணங்கி, நுண்ணிய கோடுகளைச் சிதறாமல் ஏற்கும் என்பது அடுத்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஈரத்தில் ஒப்பீட்டளவில் குறைவாகவே அசையும் என்பது. பச்சை மரம் முழுதாகக் காயும்போது கறுப்பு அக்ரூட் அகலவாட்டில் 7.8 சதவீதம் சுருங்குகிறது; அமெரிக்க பீச் 11.9 சதவீதம், கெட்டி மேப்பிள் 9.9 சதவீதம்.

குறைவாக அசையும் என்றேன். அசையாது என்று சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் வாசற்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதையும், தை பிறந்ததும் தானாகத் தளர்வதையும் பார்த்தவர்களுக்கு மரத்தின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. எந்த மரமும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இறங்கும்போது, மரத்துக்குள் ஈரம் 6 சதவீதத்தில் நிற்கும். ஈரப்பதம் 65 சதவீதமாக உள்ள இடத்தில் அதே மரம் 12 சதவீதத்துக்கு ஏறும். இந்த 6 சதவீத ஏற்றத்தில் 45 மி.மீ. அகலமுள்ள அக்ரூட் முன்கட்டை முக்கால் மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். பீச் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். குழல் முனை 0.2 மி.மீ. நகர்ந்தாலே குறி தவறும் என்று மேலே பார்த்தோம். நல்ல வேளையாக இந்த மாற்றம் ஒரே நாளில் வராது, வாரக்கணக்கில் வரும். கட்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிந்தால் பெரிய கேடில்லை. ஒரு பக்கம் மட்டும் விரிந்து முறுக்கிக்கொள்ளும்போதுதான் தொல்லை.

முறுக்குவதும் முறுக்காததும் ரேகையின் கையில் இருக்கிறது. மரம் நீளவாட்டில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, அசைவெல்லாம் அகலத்தில்தான். ஆகவே முன்கட்டையில் ரேகை நேராக, குழலுக்கு இணையாக ஓட வேண்டும். உங்கள் கை வளைத்துப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் ரேகை கழுத்தின் வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும். கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரேகை போனால், உதை வாங்கி வாங்கி என்றைக்காவது அந்த இடத்தில்தான் உடையும். மேகம் மேகமாகச் சுழலும் அலங்கார ரேகைக்கு ஆசைப்படுவது இயல்பு. அது தோள் பக்கத்து அடிக்கட்டையில் மட்டும் இருக்கட்டும். கழுத்திலும் முன்கட்டையிலும் சுழல் ரேகை தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் திரும்ப வைத்துவிடுங்கள்.

அவுட்டோர் லைஃப் இதழில் நீண்டகாலம் துப்பாக்கிப் பத்தி எழுதிய ஜாக் ஓ’கானரின் பெயர் வட அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே இன்றும் புழங்குகிறது. ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் வாழ்ந்தவர். மலைச்செம்மறி வேட்டைக்கு அவர் மிகவும் விரும்பி எடுத்துச்சென்றது .270 தோட்டா போடும் வின்செஸ்டர் மாடல் 70. அதற்கு ஆல் பீசன் என்ற கைவினைஞர் பிரெஞ்சு அக்ரூட்டில் கட்டை செதுக்கியிருந்தார். மரம் மலைக்கு உதவாது என்று யாராவது சொன்னால் அந்தத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அது நன்றாக வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த, ரேகை பார்த்துத் தேர்ந்தெடுத்த, தேர்ந்த கை செதுக்கிய மரம். தொழிற்சாலைத் துப்பாக்கியின் மலிவான மரக் கட்டைக்கு இந்த நான்கும் ஒருசேர வாய்ப்பது அரிது.

மரக் கட்டை வாங்கினால் கூடவே இரண்டு வேலைகளுக்கும் பணம் ஒதுக்குங்கள். ரீகாயில் லக் உட்காரும் இடத்தை எபாக்சியால் நிரப்பி, உலோகத்தின் அச்சிலேயே மெத்தை அமைப்பது முதல் வேலை. திருகுகள் ஏறும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பொருத்துவது இரண்டாவது. திருகை இறுக்கும்போது மென்மையான மரம் நசுங்காமல், உலோகம் உலோகத்தின்மேல் உட்காரும். இரண்டும் முடிந்த மரக் கட்டை ஏறத்தாழ செயற்கைக் கட்டையின் நிதானத்தோடு நடந்துகொள்ளும்.

ஒட்டுப்பலகை: அழகு குறைவு, நாணயம் அதிகம்

கடையில் லேமினேட் என்பார்கள். ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிப்புள்ள பிர்ச் மரத் தகடுகளைச் சாயத்திலும் பிசினிலும் ஊறவைத்து, முப்பதுக்கு மேற்பட்ட அடுக்குகளாக அழுத்தி ஒட்டிய கனத்த கட்டி. அதிலிருந்து கட்டையைச் செதுக்குகிறார்கள். ஒரு தகடு வலப்பக்கம் முறுக்க நினைத்தால் பக்கத்துத் தகடு விடாது. தனி மரத்தில் ஒரே ரேகை முழுக் கட்டையையும் இழுத்துக்கொண்டு போகும். இங்கே முப்பது ரேகைகளும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன.

இது புதுச் சரக்கு இல்லை. ஜெர்மானியர் தங்கள் மவுசர் ராணுவ ரைஃபிளுக்கு 1930-களின் பிற்பகுதியிலேயே பீச் மரத் தகடுகளை ஒட்டிய கட்டைகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நல்ல அக்ரூட்டைத் தேடவும் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் காயவைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். அந்தக் கட்டைகள் பல இன்றும் கோணாமல் இருக்கின்றன.

குறை எடைதான். சாதாரண அக்ரூட் கட்டை ஏறத்தாழ 1 கிலோ இருக்கும் இடத்தில் லேமினேட் 1.3 கிலோவைத் தொடும். அந்த 300 கிராம் மலையேறும்போது எதிரி. உட்கார்ந்து சுடும்போது நண்பன். விலை நியாயமாக இருக்கும். மரம் வேண்டும், ஆனால் மரத்தின் நோய் வேண்டாம் என்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒரே எச்சரிக்கை: பிசின் ஊறியிருந்தாலும் இது மரமே. திருகுத் துளையிலும் அடிக்கட்டையின் வெட்டுமுகத்திலும் பூச்சு விடுபட்டிருந்தால் அங்கே நீர் ஏறும்.

வார்ப்புப் பிளாஸ்டிக்: மலிவில் ஒளிந்திருக்கும் வளைவு

1959-இல் ரெமிங்டன் நிறுவனம் நைலான் 66 என்ற .22 ரைஃபிளை வெளியிட்டது. கட்டை முழுவதும் டூபான்ட் உருவாக்கிய நைலான். மரம் இல்லாத துப்பாக்கியை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகத்துக்கு 10 லட்சத்துக்கும் மேலான விற்பனை பதில் சொன்னது. இன்றைய மலிவு விலை மான் ரைஃபிள்களில் வரும் கறுப்புக் கட்டை அந்த வம்சத்தில் வந்தது. உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்திச் சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறார்கள்.

மழை அதை ஒன்றும் செய்யாது. கீறல் விழுந்தால் மனம் வலிக்காது. படகின் தரையில் கிடத்தலாம். வண்டியின் பின்னால் போடலாம். முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு இது கேவலமான தேர்வு இல்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல தொலைநோக்கியும் பயிற்சிக்குத் தோட்டாவும் வாங்கலாம்.

குறை அதன் வளைவில். பெரும்பாலான வார்ப்புக் கட்டைகள் உள்ளே கூடு. விறைப்புக்கு நடுவில் சில குறுக்குத் தட்டிகள் மட்டும் இருக்கும். முன்கட்டையை இருகால் தாங்கியில் வைத்துச் சாய்ந்தாலோ, தோள்வாரை இழுத்துப் பிடித்தாலோ முன்கட்டை வளைந்து குழலைத் தொடும். குழலைத் தொடாமல் இடைவெளி விட்டதன் பயன் அந்த நொடியே போய்விடும். இன்னொரு தொல்லை ஓசை. புதரில் ஒரு குச்சி உரசினாலும் உள்ளே கூடாக இருப்பதால் தகர டப்பாவைத் தட்டியதுபோல எதிரொலிக்கும். வெண்வால் மானின் காதுக்கு அது எச்சரிக்கை மணி. அடிக்கட்டைக்குள் நுரைப் பொருள் நிரப்பினால் ஓசை பெருமளவு அடங்கும்.

கண்ணாடியிழை, கெவ்லார், கார்பன்

செயற்கைக் கட்டை என்ற ஒரே பெயரில் கடைக்காரர்கள் இரண்டு வேறு சாதிகளைச் சேர்த்துச் சொல்வார்கள். மேலே சொன்னது அச்சில் ஊற்றியது. இது இழைத் துணியை எபாக்சியில் நனைத்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகக் கையால் படியவைத்துக் கெட்டியாக்குவது. விலை வேறு, விறைப்பு வேறு, ஆயுள் வேறு.

இதன் பெருமையை உலகுக்குச் சொன்னது வியட்நாம் போர். அமெரிக்க மரைன் படை 1966-இல் ரெமிங்டன் 700-ஐ அடிப்படையாகக் கொண்ட எம்40 என்ற குறிபார்ப்போர் ரைஃபிளை ஏற்றது. அதன் கட்டை அக்ரூட். அந்தக் காடுகளின் புழுக்கத்திலும் மழையிலும் மரம் உப்பியது, கோணியது, குறி நிற்கவில்லை. 1970-களில் அதே ரைஃபிளைத் திருத்தி எம்40ஏ1 ஆக்கியபோது மரத்தைக் கழற்றிவிட்டு மக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டையைப் பொருத்தினார்கள். 1988-இல் அமெரிக்கத் தரைப்படை எம்24-ஐ எடுத்துக்கொண்டபோது கட்டை கெவ்லாரும் கார்பனும் கலந்தது. உள்ளே உலோகம் உட்கார முழு நீள அலுமினியப் படுகை. போர் வீரனுக்கு நடந்தது, ஈர நிலத்தில் அலையும் வேட்டைக்காரனுக்கும் நடக்கும். வேட்டைக்காரர்கள் பாடத்தைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

எடைப் பிரியர்களுக்கு வழி காட்டியவர் மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ். 1980-களில் அவர் கெவ்லாரிலும் கார்பனிலும் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள கட்டையைச் செய்தார். முழு ரைஃபிள் 2.3 கிலோவை ஒட்டி வந்தது. ஊரெல்லாம் குழலை விலக்கி வைத்தபோது அவர் குழல் முழுவதையும் கட்டையில் படியவிட்டார். கட்டை அசையாவிட்டால் தொட்டாலும் கேடில்லை என்பது அவர் துப்பாக்கிகள் காட்டிய பாடம்.

இன்றைய கார்பன் கட்டைகள் பொதுவாக 600 முதல் 800 கிராம். விலை லேமினேட்டைப்போல மூன்று நான்கு மடங்கு. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று பார்ப்போம்.

எடை குறைந்தால் உதை கூடும்

ஒரே தோட்டாவைச் சுடும்போது உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதம். 3.6 கிலோ ரைஃபிளில் .30-06 தோட்டா ஏறத்தாழ 27 ஜூல் உதைக்கும். லேமினேட்டைக் கழற்றிக் கார்பனைப் பூட்டி 650 கிராம் மிச்சம் பிடித்தால் ரைஃபிள் 2.95 கிலோ, உதை 33 ஜூல். மானை நோக்கிச் சுடும் ஒரு தோட்டாவில் அது தெரியாது. பயிற்சித் திடலில் இருபதாவது தோட்டாவில் தோள் சொல்லும். பிறகு மனம் உதையை எதிர்பார்த்து விசையை வெடுக்கென்று இழுக்கத் தொடங்கும். குறி தவறுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை. இலகுவான கட்டையை வாங்கினால் மென்மையான தோட்டாவையும் நல்ல ரப்பர் உதைத்தாங்கியையும் சேர்த்து யோசியுங்கள்.

இலகுவான துப்பாக்கிக்கு இன்னொரு குணமும் உண்டு. மூச்சு வாங்கும்போதும் காற்று அடிக்கும்போதும் அது கையில் நிலையாக நிற்காது. ஆகவே எடையைக் குறைப்பது நாள் முழுக்கத் தோளில் சுமந்து ஏறுகிறவருக்கு மட்டும் நியாயமான செலவு. மரத்தடி மறைவில் உட்கார்ந்திருப்பவர் எதற்காக அரைக் கிலோவுக்குப் பணம் கொடுக்க வேண்டும்?

அலுமினியச் சட்டகம் பற்றிச் சுருக்கமாக: விறைப்பில் அதை மிஞ்ச ஏதுமில்லை, போட்டிச் சுடுவோருக்கு ஏற்றது. வேட்டைக்கு எடுத்துப்போனால் எடை கூடுதல். உறைபனிக் காலையில் வெறும் உலோகத்தில் கன்னத்தை வைப்பது தண்டனை. மடக்கும் கட்டை என்றால் உங்கள் ஊர்ச் சட்டம் மடக்கிய நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

பொருளுக்கு முன் பொருத்தம்

எவ்வளவு விலையுயர்ந்த பொருளானாலும் உங்கள் உடம்புக்குப் பொருந்தாத கட்டை வெறும் பாரம். கடையில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்த்து, பாதுகாப்பான திசையை நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கன்னம் தானாக உட்காரும் இடத்தில் உட்காரட்டும். இப்போது கண்ணைத் திறந்தால் தொலைநோக்கிக்குள் முழு வட்டம் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ கன்னத்தைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால் கட்டை உங்களுக்கானது அல்ல.

விசையிலிருந்து அடிக்கட்டையின் முடிவு வரையிலான நீளம் தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 34 முதல் 35 செ.மீ. நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கும் பல பெண்களுக்கும் இது அதிகம். அங்கே நவம்பர் வேட்டைக்குப் போடும் தடித்த அங்கி இன்னும் ஓரிரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஆகவே அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். மரத்தையும் லேமினேட்டையும் அறுத்துச் சுருக்குவது எளிது. கூடாக வார்த்த பிளாஸ்டிக்கைச் சுருக்குவது கடினம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தட்டைச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வருகிறது.

உங்கள் காடு எது?

வான்கூவர் தீவும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரமும்: வேட்டைப் பருவத்தில் மழை விடாது. கறுவால் மானைத் தேடி ஈரப் புதருக்குள் நாள் முழுக்க நுழைய வேண்டும். கண்ணாடியிழை சிறந்தது; பணம் குறைவு என்றால் நுரை நிரப்பிய வார்ப்புக் கட்டை. பூச்சு சரியாக உள்ள லேமினேட்டும் தாங்கும்.

ராக்கி மலைத்தொடர்: செம்மறியோ எல்க் மானோ, பல நாள் ஏற்றம், முதுகில் மூட்டை. கார்பனுக்கோ கெவ்லாருக்கோ கொடுக்கும் பணம் இங்கே வீணில்லை.

ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் புல்வெளி: வறண்ட குளிர், நெடுந்தூரச் சுடல், வண்டியிலிருந்து அதிக நடையில்லை. கனத்த லேமினேட் கையில் நிலையாக நிற்கும். தனி மரமானால் வறட்சியில் சுருங்கித் திருகு தளரும். பருவம் தொடங்குமுன் இறுக்கத்தைப் பாருங்கள்.

ஒன்டாரியோ மரக்காடு: மறைவில் உட்கார்ந்து, 100 மீட்டருக்குள் வெண்வால் மான். குறி 2 செ.மீ. நகர்ந்தாலும் மானின் நெஞ்சுப் பரப்பில் அது பெரிதல்ல. அக்ரூட்டின் மேல் ஆசை இருந்தால் மனசாட்சி உறுத்தாமல் வாங்கிக்கொள்ளக்கூடிய இடம் இது. உறைபனியில் மரம் கைக்கு இதமாகவும் இருக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

• ஒரு காகிதத் துண்டை முன்கட்டை நுனியில் குழலுக்கு அடியே செருகி, ஆக்‌ஷனை நோக்கி இழுங்கள். இடைவெளி விட்ட கட்டையானால் தடங்கலில்லாமல் போக வேண்டும்.

• காகிதம் உள்ளே இருக்கும்போதே முன்கட்டையைக் குழலோடு சேர்த்துக் கையால் நெரியுங்கள். காகிதம் மாட்டிக்கொண்டால் கட்டை வளைகிறது.

• இடைவெளி இருபக்கமும் சமமா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் நெருக்கம் என்றால் மரம் ஏற்கெனவே முறுக்கத் தொடங்கியிருக்கலாம்.

• கடைக்காரர் அனுமதித்தால், காலித் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, முன்கட்டை நுனியும் குழலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன்திருகைத் தளர்த்தி இறுக்கச் சொல்லுங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் உலோகம் பள்ளத்தில் நேராக உட்காரவில்லை. எபாக்சி மெத்தை தேவை.

• மரமானால், கழுத்தின் ரேகையையும், ஆக்‌ஷனின் வால்பகுதிக்குப் பின்னால் மயிரிழை விரிசல் உண்டா என்பதையும் பாருங்கள். பழைய துப்பாக்கியில் இது கட்டாயம்.

வாங்கிய பிறகு

மரக் கட்டையின் வெளிப்புறம் பளபளக்கும். உள்ளே குடைந்த பள்ளமும் ரப்பர் தாங்கிக்குப் பின்னாலுள்ள வெட்டுமுகமும் பூச்சின்றி இருக்கும். வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, உலோகத்தைக் கழற்றி, இந்த இரண்டு இடங்களுக்கும் பாலியூரித்தேன் பூசுங்கள். வெளியே எண்ணெய்ப் பூச்சு விரும்பினால் ஆளிவிதை எண்ணெய் அழகு தரும். ஆனால் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள்.

செயற்கைக் கட்டைக்காரர்கள் வேறொரு தவறு செய்வார்கள். கட்டைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் நனைந்த துப்பாக்கியை அப்படியே பெட்டியில் வைத்துவிடுவார்கள். கட்டைக்கு ஒன்றும் ஆகாதுதான்; அதற்குள் தேங்கிய நீர் குழலின் அடிப்பக்கத்தைத் துருவால் தின்றிருக்கும். எந்தக் கட்டையானாலும் மழையில் நனைந்த அன்றே கழற்றித் துடைத்து, உலோகத்துக்கு எண்ணெய் போட்டு, திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள். அலுமினியத் துண்டு இல்லாத மரத்துக்கு அந்த அளவு குறைவு. அலுமினியப் படுகைக்கு அதிகம். ஊகத்தில் இறுக்காமல் முறுக்குமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

முதல் பருவத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். பருவம் தொடங்குமுன் திடலில் மூன்று தோட்டா சுட்டு, அந்தக் காகித இலக்கில் தேதி எழுதி எடுத்து வையுங்கள். ஒரு வாரம் மழையிலும் பனியிலும் சுமந்து திரிந்த பிறகு, திருகைத் தொடாமல், அதே தூரத்தில், அதே தோட்டாவில் இன்னும் மூன்று சுட்டு இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். துளைகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தால், கட்டை மரமோ பிளாஸ்டிக்கோ, வேறு வாங்க வேண்டியதில்லை.